சின்னவனின் இருக்கை

ஜூலை 2, புதன்

காலை பத்தே முக்காலுக்கு இரண்டு கார்களும் லாரியிலிருந்து இறங்கின. கணபதி ஏரியாவில் எங்கள் வீதிப் பட்டறைகள் அத்தனையும் அரை மணி நேரம் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தன. எதிர்ப் பட்டறை ஆறுச்சாமி மட்டும் வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தான் என்பது எனக்குத் தெரியும்.

கொண்டுவந்து விட்டவன் மௌலி. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களைத் தருவித்து விற்பவன். இருபது வருடப் பழக்கம். அவன் ஷோரூமில் தரையைப் பெயர்த்து மாற்றுகிறார்கள். அதுவரை இரண்டும் என் வீட்டுப் பின்புற ஷெட்டில் நிற்கட்டும், நான் ஓட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

"வீட்டுல யாரு வேணும்னாலும் ஓட்டுங்கண்ணா, இன்சூரன்ஸ் இருக்குது. ஆனா பதினாறாந்தேதிக்குள்ள எதுன்னு சொல்லீரோணும். பதினேழு ஆடி பொறக்குது. ஆடியில நீங்களும் வண்டி எடுக்கமாட்டீங்க, நானும் குடுக்கமாட்டேன்" என்றான்.

"வீட்டுல யாருப்பா ஓட்டறாங்க? நான் ஒருத்தன்தான்" என்றேன்.

இரண்டும் ஒரே கம்பெனி. ஒரே கதவுக் கைப்பிடி, ஒரே முகஜாடை. சின்னது மஞ்சள். நாலு சிலிண்டர், கையால் மாற்றும் ஆறு கியர். பெரியது கருநீலம். ஆறு சிலிண்டர், தானே மாறும் எட்டு கியர். அந்தக் கம்பெனி பேர் வாங்கியதே பெரியதால்தான். அதை வாங்க வசதி இல்லாதவர்களுக்காகப் பிற்பாடு செய்ததுதான் சின்னது. விலையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது ஆடிட்டர் கவலை.

வசதிக்காக ஒன்றைச் சின்னவன் என்றும் மற்றதைப் பெரியவர் என்றும் எழுதுகிறேன். மரியாதை யாருக்கு என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. என் பட்டறையில் முதல் மெஷினுக்கு மேலே பெரியவருடைய தாத்தா காலத்து மாடல் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. இருபத்து நாலு வயதில் ஒரு காலண்டரிலிருந்து வெட்டியது. எண்ணெய்க் கறை ஏறி இப்போது வண்டியின் பாதிதான் தெரியும். முப்பத்து நாலு வருடமாகப் பல்சக்கரம் வெட்டுகிறேன், அந்தப் படத்துக்குக் கீழேதான். ஆகவே முடிவு எடுத்தாகிவிட்டது. இந்த இரண்டு வாரம் சும்மா சம்பிரதாயம்.

இருந்தாலும் பட்டறையில் எந்த மெஷின் வந்தாலும் அதற்கு ஒரு நோட்டுப் போடுவது என் வழக்கம். அதனால் இது.

என் மனைவி சுலோச்சனா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "மஞ்சள் நல்லா இருக்குதுங்க" என்றாள். ரசம் பொங்கும் வாசனை வந்ததும் உள்ளே ஓடிவிட்டாள்.

ஜூலை 3, வியாழன்

பெரியவரை எடுத்துக்கொண்டு அவிநாசி தாண்டிப் போனேன். சுலோவும் வந்தாள்.

எப்போது கியர் மாறுகிறது என்று கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மெஷினில் ஒரு பல் தேய்ந்திருந்தால் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுகிறவன் நான். எனக்கு மூன்றிலிருந்து நான்கு போனது தெரியவில்லை. நான்கிலிருந்து ஐந்து போனதும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்த கியர் பெட்டியைச் செய்தவனை நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

சுலோ கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க. வீட்டு சோபாவாட்ட இருக்குது."

பாராட்டுதான்.

பெரியவரின் இருக்கைக்கு ஞாபகசக்தி உண்டு. ஒன்று என்ற பட்டனை அழுத்தினால் என் உயரத்துக்கும் காலுக்கும் ஏற்ப அதுவே நகர்ந்து, கண்ணாடிகளையும் திருப்பிக்கொள்கிறது. இரண்டு, மூன்று என்று இன்னும் இரண்டு பட்டன்கள் இருக்கின்றன. அவை நமக்குத் தேவையில்லை.

ஜூலை 4, வெள்ளி

இன்று சின்னவன். நியாயமாக எழுத வேண்டும் என்பதால் நல்லதை முதலில் எழுதுகிறேன். குதிக்கிறான். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து காதோரம் பேசுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்ப நினைத்தாலே திரும்புகிறான். காந்திபுரம் நெரிசலில்கூட எனக்குச் சிரிப்பு வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

குறைகள்: சத்தம் அதிகம். கிளட்ச் கனம். வீட்டுக்கு வந்ததும் இடது கெண்டைக்காலில் வலி, தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். இருக்கையைக் கையால்தான் நகர்த்த வேண்டும். அடியில் ஒரு கம்பியைத் தூக்கினால் தண்டவாளத்தில் பல் பல்லாக நகர்கிறது. முன்பக்கமிருந்து எண்ணினால் எனக்கு ஏழாவது பல். எழுதிவைத்துக்கொண்டேன்.

சாவிகள் இரண்டும் அடுப்படி ஆணியில் தொங்குகின்றன. வேறு ஆணி இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் ஐந்தரைக்கு வழக்கம்போல நடக்கப் போய், ஆறே முக்காலுக்குத் திரும்பி, சின்னவனில் ஏறினால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது. இருக்கை மூன்றாவது பல்லில் இருந்தது. நடுக் கண்ணாடியும் தலைகுனிந்து இருந்தது.

தண்டவாளத்தில் பிடிமானம் சரியில்லை, வண்டி நின்ற இடத்திலேயே இருக்கை முன்னால் வழுக்குகிறது. கண்ணாடியின் மூட்டும் தளர்வு. மலிவான மாடலில் இப்படித்தான் எங்காவது கையை வைத்திருப்பார்கள்.

பெரியவருக்கு நம் வீதி வேகத்தடைதான் பகை. ஸ்கேல் எடுத்துப் போய் அளந்தேன், ஏழு அங்குலம். யாருடைய சமாதிமேல் கட்டினார்கள் என்று தெரியவில்லை. பெரியவரைக் குறுக்காகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர், "ஏனுங்க, கோலம் போடறீங்களா?" என்று கேட்டார்.

ஜூலை 7, திங்கள்

மறுபடியும் மூன்றாவது பல்.

கிலோமீட்டர் கணக்கிலும் பதினொன்று கூடுதல். நான் தப்பாகக் குறித்திருப்பேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் தப்பாகக் குறிப்பவன் இல்லை. எஞ்சின் மூடியில் கைவைத்தால் சூடு. ஷெட் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் நேராக அடிக்கிறது, அதனால் இருக்கலாம். வானம் மூடிக்கொண்டுதான் இருந்தது.

மத்தியானம் சுலோ இடது கெண்டைக்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாடிப்படி ஏறி இறங்கியதில் வலி என்றாள். படிக்கு இரண்டு காலும்தானே வேண்டும் என்று கேட்க நினைத்து, போன் வந்ததில் மறந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாவது பல். பொறுமை போய்விட்டது. மௌலிக்கு ஒரு பக்கத்துக்கு முறையான புகார் எழுதி அனுப்பினேன். "இருக்கைத் தண்டவாளத்தில் உற்பத்திக் குறை. தினமும் காலையில் மிகச் சரியாக நான்கு பல் முன்னால் நகர்கிறது. கம்பெனிக்குத் தெரியப்படுத்தவும்." தேதிவாரியாக அட்டவணையும் இணைத்தேன். இப்படி ஒரு ஒழுங்கான குறையை நான் எந்த மெஷினிலும் பார்த்ததில்லை.

காலை உணவு கத்தரிக்காய்க் கொத்சு. இந்த வாரம் காய்கறிகள் பிரமாதம். முருங்கைக்காய் ஒடித்தால் சத்தம் கேட்கிறது. வாசலுக்கு வரும் ராசாத்தியிடம் வாங்கியதா என்று கேட்டதற்குச் சுலோ தலையாட்டினாள். சாயங்காலம் ராசாத்தியே வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங் சாமி, அம்மா என்ற மேல ஏதாச்சும் கோவமுங்களா? மூணு நாளா எங்கிட்ட ஒரு கொத்து கருவேப்பிலகூட வாங்கறதில்லீங்."

விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்கவில்லை. அடுப்படி விவகாரத்தில் நான் தலையிடுவதில்லை.

ஜூலை 9, புதன்

மௌலி தன் டெக்னீசியனை அனுப்பினான். ரெஜினா என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும். தண்டவாளத்தைக் கழற்றி, டார்ச் அடித்து, ஆட்டிப் பார்த்து, மறுபடி பூட்டினாள். சுத்தமான கை வேலை. நட்டைத் தரையில் வைக்காமல் துணியில் வரிசையாக வைத்தாள். எனக்குப் பிடித்திருந்தது.

"தண்டவாளம் நல்லா இருக்குது சார். யாரும் நகர்த்தாம இது நகராது."

"அப்ப தினமும் எப்படி நகருது?"

அவள் மூன்றாவது பல்லைப் பார்த்தாள். தலைகுனிந்த கண்ணாடியைப் பார்த்தாள். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அவசரமாக உள்ளே போன சுலோவையும் பார்த்தாள்.

"சார், மேடம் என்ன உயரம்?"

"அஞ்சடி ஒரு அங்குலம். எதுக்கும்மா?"

"சும்மாதான் சார்" என்று காபியைக் குடித்தாள். போகும்போது அடுப்படிக்குள் தலையை நீட்டிச் சுலோவிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். பெண்கள் ஐந்து நிமிடத்தில் சிநேகமாகிவிடுகிறார்கள்.

அவள் போனபிறகு இருக்கையை மூன்றாவது பல்லில் வைத்து, பெடலிலிருந்து முதுகுச் சாய்வு வரை டேப் பிடித்து அளந்தேன். எண்ணை எழுதிவைத்திருக்கிறேன். வீட்டில் வேறு எதையும், யாரையும் அளக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

சாரல். நடக்கப் போன இடத்தில் மூன்று சுற்று முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டது. திரும்பும் வழியில் சத்தி ரோட்டு முக்கு டீக்கடைக் கூரைக்கு அடியில் ஒதுங்கினேன். ஆறு மணி ஐந்து நிமிடம்.

உழவர் சந்தைப் பக்கமிருந்து ஒரு மஞ்சள் வண்டி வந்தது. மழையில் கண்ணாடி மங்கல். யார் ஓட்டினார்கள் என்று பார்க்கவில்லை.

ஆனால் கேட்டேன். முக்கில் ஒரு எருமை நின்றது. வண்டி பதறவில்லை. வேகத்தைக் குறைத்து, எஞ்சினை ஒரு மூச்சு மேலே ஏற்றி, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. பல்லும் பல்லும் ஒன்றையொன்று இடிக்காமல், நீ வா நான் வருகிறேன் என்று சேர்ந்துகொண்டன. அந்த வண்டியில் அதைத் தானாகச் செய்யும் ஏற்பாடு எதுவும் கிடையாது. வலது பாதத்தின் ஒரு பக்கம் பிரேக்கில், மறுபக்கம் ஆக்சிலேட்டரில், இடது கால் கிளட்சில், கை கியரில், எல்லாம் ஒரே நொடியில் நடக்க வேண்டும். எனக்கு ஐந்தில் இரண்டு தடவைதான் அப்படி அமையும். எருமை நகர்ந்ததும் இண்டிகேட்டர் போட்டு எங்கள் வீதிக்குள் திரும்பியது. அந்த வேகத்தடையை ஏறி இறங்கிய சத்தம்கூடச் சுத்தமாக இருந்தது.

"யாருங்ணா ஓட்டறாங்க, சூப்பரா ஓட்டறாங்க!" என்றார் டீ மாஸ்டர்.

"தெரியலீங்க" என்றேன். டீ ஆறிப்போய்விட்டது. இன்னொன்று சொல்லிக் குடித்துவிட்டு, மழை நின்ற பிறகும் கால் மணி நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

இருக்கை: மூன்றாவது பல். குறை தொடர்கிறது.

ஜூலை 11, வெள்ளி

நடை ஐந்து சுற்றிலிருந்து எட்டு சுற்றாக்கியிருக்கிறேன். உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். எந்த டாக்டர் என்று சுலோ கேட்கவில்லை.

சின்னவனுக்குப் பெட்ரோல் முழுக்க நிரப்பினேன். டயர் காற்றும் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் ஒரு சின்ன முதுகு மெத்தை வைத்தேன். எனக்கு முதுகு வலி வருவது போல இருந்தது.

ஜூலை 12, சனி

பெங்களூரிலிருந்து மகள் பிரியம்வதா போன் செய்தாள். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஏம்மா, அம்மா அங்க எட்டு மாசம் இருந்தப்ப, உன் குழந்தைய டே-கேர்ல யாரு கொண்டுபோய் விட்டது?"

"ஏம்ப்பா இப்பக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"அத அம்மாகிட்டயே கேளுங்கப்பா. நான் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னதே அதிகம் என்று தெரிந்து போனை வைத்துவிட்டாள்.

பழைய விஷயம் ஒன்றை எழுதுகிறேன். இந்த நோட்டில் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இருபத்து இரண்டு வருடத்துக்கு முன்னால் நம்மிடம் ஒரு மாருதி எண்ணூறு இருந்தது. குழந்தையைப் பள்ளியில் விட நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று சுலோ ஆசைப்பட்டாள். நானே கற்றுக்கொடுத்தேன். லட்சுமி மில்ஸ் சிக்னலில் பச்சை விழுந்த நேரம் கிளட்சை முழுக்க மிதிக்காமல் கியரைப் போட்டாள். கரகரவென்று அரைத்தது. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. என் பல்லையே அரத்தில் தேய்ப்பது மாதிரி. கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுதக் கை வரவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பின் இருக்கையில் பிரியம்வதா, ஏழு வயது, ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு.

சுலோ எஞ்சினை அணைத்தாள். கைபிரேக் போட்டாள். இறங்கிப் பின்கதவைத் திறந்து குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. அவளுக்கு ஓட்ட வரவில்லை என்றே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே, அவள் எதிரிலேயே.

எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

பெரியவரோடு தனியாக வாளையார் வரை. போகும்போது மலைகளின்மேல் மேகம் படுத்திருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் மோதியும் வண்டி ரோட்டுக் கோட்டிலிருந்து ஒரு நூல்கூட நகரவில்லை.

யாராவது இந்த நோட்டைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். பெரியவர்தான் சிறந்த வண்டி. சின்னதில்தான் உண்மையான சுகம், பெரியது வெறும் பகட்டு என்று சிலர் பேசுவார்கள். வாங்க முடியாதவர்கள் மனசைத் தேற்றிக்கொள்வது அது. ஆறு சிலிண்டரும் மேலே ஏறும்போது வரும் அந்த ஒலியில் ஒரு பிசிறு இல்லை. பிரேக்கை மிதித்தால் ஒரு பெரிய கை வந்து மார்பில் ஏந்திக்கொள்கிறது. இருபத்து நாலு வயதில் படத்தைப் பார்த்து நான் கற்பனை செய்தது எல்லாம் உண்மை, ஒன்றுகூடக் குறையவில்லை. வாளையாரில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு முன்பக்கத்தைத் தடவிக் கொடுத்தேன். கண்ணில் நீர் வந்தது.

திரும்பி வரும்போது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. இருந்தாலும் அவள் கண்ணைத் திறந்திருக்கமாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், "பெரியவர நீ ஒருதடவ ஓட்டிப்..." என்று ஆரம்பித்து, "ஓட்டிப் பார்த்தா நல்லா இருக்கும்னு ஆறுச்சாமி கேக்கறான்" என்று முடித்துவிட்டேன்.

"அதுல ஓட்டறதுக்கு என்னங்க இருக்குது? எல்லாம் அதுவே பண்ணிக்குது. ஆளு எதுக்கு?" என்றாள் கீரையை ஆய்ந்துகொண்டே. பிறகு என்னைப் பார்த்தாள். "ஓட்டறவங்க சொன்னாங்க."

ஜூலை 14, திங்கள்

மௌலி: "அண்ணா, பெரியவர்தானே? பேப்பரெல்லாம் ரெடி பண்ணீரட்டுமா?"

புதன் வரைக்கும் பொறு என்றேன். அவனுக்கு ஆச்சரியம். எனக்கும்தான்.

மூன்றாவது பல். இப்போதெல்லாம் அதை ஏழுக்குத் தள்ளுவதற்கு முன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, காலை ஆறு மணிக்குச் சுலோவைக் கூட்டிக்கொண்டு சின்னவனில் கிளம்பினேன். எங்கே என்று கேட்டாள். வால்பாறை என்றேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. சின்னவனை மலையில் பார்க்காமல் முடிவு எழுதக் கூடாது என்று காரணம் சொன்னேன். பொள்ளாச்சியில் இட்லி சாப்பிட்டோம். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி, முதல் வளைவுக்கு முன்னால் ஓரங்கட்டினேன்.

"என்னாச்சுங்க?"

"கெண்டைக்கால் புடிச்சுக்கிச்சு. கிளட்ச் மிதிக்க முடியல."

"எந்தக் காலு?"

"இடது."

என் காலைப் பார்த்தாள். அது ரொம்ப நன்றாக இருந்தது. எனக்கு நடிக்கவும் வராது.

"திரும்பிப் போலாமுங்களா?"

"திரும்பறதுக்கும் கிளட்ச் வேணுமே. நீ ஓட்டு."

காற்று மரங்களில் புகுந்து வந்தது. ஒரு அரசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து மேலே ஏறியது. அது முதல் வளைவில் மறைந்தது.

"கியர் அரைச்சா?" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

இதற்கு நான் இருபத்து இரண்டு வருடம் முன்னாலேயே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

"அரைச்சா அரைக்கட்டும். என்ற தொழிலே பல்லு வெட்டறதுதானே. எத்தன போனாலும் நான் வெட்டித் தர்றேன், சுலோ."

இறங்கி வந்தாள். நானும் இறங்கிச் சுற்றி வந்தேன். வண்டிக்கு முன்னால் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தபோது ஒதுங்கி வழிவிட்டேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கை தானாக அடியில் போய்க் கம்பியைத் தூக்கியது. டக், டக், டக், டக். நான்கு பல். கண்ணாடியைக் கீழே இறக்கினாள். பெல்ட் போட்டாள். அதற்கு மேல் ஒளிக்க எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் இளகிவிட்டது.

ஓட்டினாள். எனக்கு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வளைவு வருவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்தது. மேலிருந்து வரும் லாரிக்கு வளைவுக்கு வெளியே நின்று வழிவிட்டாள். எதிரே இருந்தவர் கை தூக்கிக் கும்பிட்டுப் போனார். இரண்டாவது கியரில் உள்ளே போய், திருப்பி, வெளியே வரும்போது எஞ்சின் எங்கள் முதுகுக்குப் பின்னால் பாடியது. எனக்குக் கண்ணை மூடத் தோன்றவே இல்லை. இவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மோசமாக ஓட்டியிருக்கிறேன்! ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

ஒன்பதாவது வளைவு. கீழே ஆழியாறு அணை முழுக்கத் தெரியும் இடம். ரோட்டின் நடுவே குரங்குக் கூட்டம். சட்டென்று பிரேக் போட்டு, இரண்டாவதிலிருந்து முதல் கியருக்குப் போகும்போது கிளட்ச் முழுக்க இறங்கவில்லை.

கர்ர்ர்ரக்.

அதே சத்தம். அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறின. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை விறைத்தது. நான் அணையைப் பார்த்தேன்.

"தண்ணி நெறையா இருக்குது பாரு, இந்த வருசம்" என்றேன்.

அவள் தோள்கள் மெதுவாக இறங்கின. கிளட்சை முழுக்க மிதித்து, கியரைச் சரியாகப் போட்டு, வண்டியை நகர்த்தி, பார்வையிடத்தில் ஓரமாக நிறுத்தி, கைபிரேக் போட்டாள். பிறகு அழுதாள். நானும்தான். மக்காச்சோளம் சுடுகிற அம்மா எங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னிக்கு சிக்னல்ல பேசினதுக்கு..." என்று ஆரம்பித்தேன். "தப்பு சுலோ. பெரிய தப்பு. மன்னிச்சுக்க."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பெங்களூரில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்ததையும், லைசென்ஸ் வாங்கியதையும், ஆறு மாதம் குழந்தையை டே-கேருக்கு ஓட்டிக்கொண்டு போனதையும் சொன்னாள். இங்கே தினமும் காலையில் உழவர் சந்தைக்குப் போய் வந்ததையும். அந்த எஞ்சினை ஒரு மூச்சு ஏற்றி இறக்கும் வித்தையை எங்கே கற்றாய் என்றேன்.

"நீங்க ஓட்டும்போது பாத்ததுதானுங்க. முப்பது வருசமா பக்கத்துல உக்காந்து உங்க காலத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப கண்ண மூடிக்கிட்டிருந்தது?"

"அது பெரியவருல. அதுல உங்க காலுக்கு வேலையே இல்லையே."

சிரித்தோம். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சீட்டப் பின்னால தள்ளி வெக்கோணும்னு எனக்குத் தெரியாமயாங்க இருந்துச்சு? மொத நாளு மறந்துட்டேன். அடுத்த நாள்லருந்து வேணும்னேதான் அப்படியே விட்டேன். நீங்க பாத்துட்டு, ஏன் சுலோ நீயா ஓட்டுனேன்னு ஒரு வார்த்த கேப்பீங்கன்னு. நீங்க என்னடான்னா கம்பெனிக்கு லெட்டர் போட்டீங்க."

எனக்கு அந்த ஒன்பதாவது வளைவிலிருந்து கீழே குதித்துவிடலாம் போல இருந்தது.

"அப்புறம் நீங்க எட்டு ரவுண்டு நடக்க ஆரம்பிச்சீங்க பாருங்க, அன்னிக்குத்தான் எனக்கு உசுரு வந்துச்சு" என்றாள்.

மீதி முப்பத்தொரு வளைவும் அவளே ஓட்டினாள். இறங்கும்போதும் அவள்தான். என் கால் இன்னும் சரியாகவில்லை என்று சொன்னேன்.

ஜூலை 16, புதன்

மௌலி வந்தான். சின்னவனை எடுத்துக்கொள்கிறேன் என்றதும் என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தான். பெரியவர் லாரியில் ஏறினார். ஏற்றும்போது வேகத்தடையில் இடிக்காமல் குறுக்காகத் திருப்பச் சொல்லி நானே கூடவே நடந்தேன். வீதி முனையில் அந்தக் கருநீலம் மறையும்வரை நின்றேன். வருத்தமில்லை என்று எழுதினால் பொய். அந்தப் படம் மெஷினுக்கு மேலேயே இருக்கும், அதை எடுக்கப் போவதில்லை. எதிர்ப் பட்டறை ஆறுச்சாமி இந்தத் தடவை வெளியே வந்து, "ஏன் வெள்ளியங்கிரி, பெருசு கட்டுப்படியாகலையா?" என்றான். "வீட்டுல ஓட்டறவங்களுக்கு மஞ்சதான் புடிச்சிருக்குது" என்றேன். நன்றாகக் காதில் விழும்படி இன்னொரு தடவையும் சொன்னேன்.

நாளை ஆடி என்பதால் பூஜை இன்றே. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். நசுக்கி நகர்த்தியவள் சுலோ. நான் முன்னால் நின்று, வா வா என்று கைகாட்டினேன். அதுவும் தேவைப்படவில்லை.

மௌலிக்கு எட்டாம் தேதி அனுப்பிய புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இன்னொரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தேன். ரெஜினாவிடமும் காட்டச் சொன்னேன்.

இந்த நோட்டின் கடைசிப் பதிவு:

வண்டி: மஞ்சள். இருக்கை: மூன்றாவது பல்லில். குறை எதுவும் இல்லை. யாரும் நகர்த்த வேண்டாம்.